சதுரங்கக் காய்களும் போர்ப் பொம்மைகளும்

திருப்பூர் மாநகரின் ஒரு பகுதியாகிய 15 வேலம்பாளையத்தில் பின்னலாடைத் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு மனக்கவலையைச் சொன்னார். கம்பெனி ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கட்டிங் மேசை மீது அவருடைய மகனும் தோழர்களும் விரலளவுப் போர்வீரர் பொம்மைகளை இரு அணிகளாக நிறுத்துகிறார்கள்; இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து படையை நகர்த்துகிறார்கள்; பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்கிறார்கள். "உருவமும் இருக்கிறது, பகடையும் இருக்கிறது. இது கூடுமா ஹஜ்ரத்?" என்று வினவினார். இஃது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய விளையாட்டு என்பது அவர் எண்ணம். அதன் வேரோ நம் நாட்டில் இருக்கிறது. அவ்வேரைப் பற்றிய பழஞ்செய்திகள் பலவற்றை எழுதிவைத்தவர்கள் அரபு மொழி அறிஞர்களே.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையின் விளையாட்டே சதுரங்கம். கி.பி. 956இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதீ, 'முரூஜுத் தஹப்' என்னும் நூலில் இந்தியரின் தந்தக் காய்களை வருணிக்கிறார். அவை மனிதர், விலங்குகளின் வடிவில் ஒரு சாண் உயரமும் அதற்கு மேலும் இருந்தனவாம். அவற்றைக் கட்டம் விட்டுக் கட்டம் தூக்கிவைக்கவே ஓர் ஆள் நிற்பானாம். பொருளனைத்தும் தோற்றபின் தம் விரல்களையே பணயம் வைத்து இழந்தவர்களையும் அவர் குறிப்பிடுகிறார். 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதிய அல்-பீரூனீயோ, நால்வர் கூடிப் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விளக்குகிறார். ஆகவே உருவமும் பகடையும் இங்கே பழையனவே.

சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபுலகை அடைந்து 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. யானை 'ஃபீல்' ஆயிற்று. காலாள் 'பைதக்' ஆயிற்று. உருவங்கள் பெரும்பாலும் மறைந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 12ஆம் நூற்றாண்டு நைஷாபூர்க் காய்களில், யானை என்பது இரு தந்தங்களைக் குறிக்கும் இரு முனைப்புகள் மட்டுமே. உருவம் தவிர்க்கும் பேணுதலும் கடைவதற்குரிய எளிமையும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பகடையும் இல்லாத இவ்வாட்டத்தில் எஞ்சியது சிந்தனை ஒன்றே. கலீஃபா அல்-முக்தஃபீ (902–908) அவையில் அல்-மாவர்தீ என்பவரை வென்ற அஸ்-ஸூலீ, இக்கலைக்கு நூலும் இயற்றினார். (இந்த மாவர்தீ வேறு, 1058இல் மறைந்த சட்ட அறிஞர் மாவர்தீ வேறு.)

சட்ட அறிஞர்களின் நோக்கு இன்னும் கூர்மையானது. பகடையால் ஆடும் 'நர்த்' ஆட்டத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஷத்ரஞ்சை ஹனஃபீ, மாலிகீ, ஹம்பலீ அறிஞர்கள் தடுத்தனர். ஷாஃபிஈ மத்ஹபில், பணயமும் தொழுகை தவறுதலும் இல்லாவிடில் அது ஹராம் அன்று, மக்ரூஹ். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், ஆகுமான ஆட்டமாயினும் அதிலேயே மூழ்கிக் கிடப்பது கடுமையாக வெறுக்கத்தக்கது என்கிறார்கள். கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈகளாகவும் கொங்கு நாட்டு இராவுத்தர்கள் ஹனஃபீகளாகவும் இருப்பதால், ஒரே கேள்விக்கு நாகூரிலும் திருப்பூரிலும் இரு விடைகள் கிடைக்கலாம். ஆயினும் சூதும் தொழுகை மறதியும் கூடா என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றே.

ஸ்பெயின், சிசிலி வழியாக ஐரோப்பா சென்ற ஆட்டம் மீண்டும் படை வடிவம் கொண்டது. 1780இல் ஜெர்மானிய ஆசிரியர் ஹெல்விக், சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை வகுத்தார். பிரஷ்யப் பீரங்கிப் படை அதிகாரி ரெய்ஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட விதிகளில் நிலப்படமும் நடுவரும் பகடையும் இடம்பெற்றன. 1913இல் எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் முறையை நூலாக்கினார். உண்மைப் போரின் மடமையை உணர்த்தவும் அந்நூலைப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. வேலம்பாளையத்து மேசையில் நிற்பவை இவ்வழி வந்த படைகளே.

உருவத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் ஆன இறக்கைகள் உடைய குதிரை ஒன்றைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டு வினவியதும், ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்ற மறுமொழி கேட்டுச் சிரித்ததும் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளன. சிறார் பொம்மைகளுக்கு இடமளித்த அறிஞர்கள் இத்தகைய அறிவிப்புகளையே ஆதாரமாகக் கொண்டனர். வளர்ந்த இளைஞர்க்கும் அச்சலுகை நீளுமா, பகடையால் நர்தின் சாயல் வந்துவிடுகிறதா என்பன முஃப்திகள் ஆய்ந்து கூற வேண்டியவை.

நாம் அன்பரிடம் சொன்னது இவ்வளவே: பொம்மைகளைத் தூக்கியெறியும் முன் மகனிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பணயம் உண்டா? தொழுகை தவறுகிறதா? அடுத்த ஜும்ஆவில் அவர் விடையோடு வந்தார். பணயம் இல்லையாம். இரண்டாம் கேள்விக்குத்தான் மகன் தலைகுனிந்தானாம். இப்போது மஃரிப் பாங்கு ஒலித்ததும் இரு படைகளும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் போய்வருகிறார்கள். முஃப்தியிடம் கேட்கவும் மகனே இசைந்திருக்கிறான்.