வாட்ஸப் ஏன் திடீர்னு படுத்துக்குது? ஒரு 45 வருடக் கதை



வாட்ஸப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் திடீர்னு வேலை செய்யாமல் போனால் நம்ம ஊரில் ரெண்டு விளக்கம்தான் சொல்லப்படும். ஒண்ணு, "கூட்டம் தாங்கலைங்க". இன்னொண்ணு, "எவனோ ஹேக் பண்ணிட்டான்".

புத்தாண்டு நள்ளிரவு மாதிரி நேரங்களில் கூட்டத்தால் திணறுவது உண்டு. ஆனால் உலகத்தையே நிறுத்திய பெரிய முடக்கங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ரெண்டுமே காரணம் இல்லை.

அப்போ எதுதான் காரணம்? அதற்கு 45 வருட வரலாறு இருக்கிறது.

நான் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. எம்பிபிஎஸ் படித்துவிட்டு அரசு மருத்துவமனையில் வேலை. ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, மனித உடம்பைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்கிறேன். இழை கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்க. கடைசியில் உங்கள் வீட்டுக்கு ஒரு சின்ன வேலையும் இருக்கு.

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. நம் நேரப்படி இரவு 9 மணி தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன.

நம்மில் பாதிப் பேர் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். மீதிப் பேர் ரீசார்ஜ் முடிஞ்சிருச்சோ என்று பார்த்தோம். உலகம் முழுக்க இதே நிலைமைதான். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கழித்து, விடிகாலை மூணு மணிவாக்கில்தான் மெல்ல உயிர் திரும்பியது.

நடந்தது இதுதான். அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்கள் உலகின் பல மூலைகளில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடு ஒன்று இணைக்கும் ஃபைபர் கேபிள் வலைக்கு இன்ஜினியர்கள் வைத்திருக்கும் பெயர் "பேக்போன்". முதுகெலும்பு!

அன்று வழக்கமான பராமரிப்பு வேலை. அந்த முதுகெலும்பில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். அந்தக் கட்டளை, பார்ப்பதற்குப் பதிலாக முழு முதுகெலும்பையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட ஆபத்தான கட்டளைகளைத் தடுக்கவே ஒரு காவல்கார மென்பொருள் உண்டு. அதிலும் ஒரு பிழை. தடுக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூடச் சீக்கிரம் சரிசெய்திருப்பார்கள். அடுத்து நடந்ததுதான் விஷயமே.

இணையத்தில் ஒரு இடத்துக்குப் போக ரெண்டு விஷயம் வேண்டும். ஒண்ணு, பெயரைச் சொன்னால் முகவரியைத் தரும் டைரக்டரி. அதற்குப் பெயர் டிஎன்எஸ். இன்னொண்ணு, அந்த முகவரிக்கு எந்த ரோட்டில் போகணும் என்று காட்டும் வழிகாட்டி போர்டு. அதற்குப் பெயர் பிஜிபி.

ஃபேஸ்புக்கின் டைரக்டரி சர்வர்களுக்கு ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. "டேட்டா சென்டரோடு பேச முடியலைன்னா கோளாறு உன்கிட்ட இருக்குன்னு அர்த்தம். உன் போர்டை நீயே கழற்றிடு." ஒன்று ரெண்டு சர்வர் கெட்டால் இது அருமையான விதி. ஆனால் முதுகெலும்பே போனதும் எல்லா சர்வர்களும் "கோளாறு நம்மகிட்டதான்" என்று முடிவு செய்து, ஒரே நேரத்தில் எல்லாப் போர்டுகளையும் கழற்றிவிட்டன.

பொள்ளாச்சி ரோடு, அவிநாசி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என எல்லா ரோட்டிலும் "கோயம்புத்தூர்" என்று எழுதிய போர்டை ஒரே ராத்திரியில் கழற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் அங்கேயேதான் இருக்கும். ஆனால் போர்டை மட்டுமே நம்பி வரும் வெளியூர் லாரி ஒன்றுகூட உள்ளே வந்து சேராது. அன்று ஃபேஸ்புக்குக்கு நடந்தது அதேதான்.

எங்கள் படிப்பில் இதற்கு நெருக்கமானது அனஃபிலாக்சிஸ். உடம்பைக் காக்க இருக்கும் எதிர்ப்பு சக்தியே, ஒரு ஊசிக்கோ குளவிக் கொட்டுக்கோ அளவு மீறிப் பொங்கி ஆளையே சாய்த்துவிடும். காவல் இல்லாததால் வந்த வினை அல்ல. காவல் எல்லா இடத்திலும் ஒரே நொடியில் பொங்கியதால் வந்த வினை.

சரி, உடனே திருத்தியிருக்கலாமே? முடியலைங்க. திருத்தும் கருவிகளும் அதே நெட்வொர்க் வழியாகத்தான் வேலை செய்தன. கடைசியில் ஆட்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே பாதுகாப்பு பலமாக இருந்ததால் உள்ளே போய்க் கை வைக்கவே நேரம் பிடித்தது.

வழி கிடைத்த பிறகும் ஒரே அடியாகத் திறந்துவிட முடியாது. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே வயிறு நிறையச் சோறு போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களில் இருந்து மீட்கப்பட்டவர்கள் பலருக்கு இது நடந்தது. படுத்துக் கிடந்த டேட்டா சென்டர்களிலும் திடீர்ச் சுமை ஏறினால் மின்சார அமைப்பே ஆட்டம் காணும். அதனால் கஞ்சியில் ஆரம்பிப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள்.

இது ஏதோ ஒரு கம்பெனியின் துரதிர்ஷ்டம் இல்லைங்க. இதே நோய் இணையத்தின் தொட்டில் பருவத்திலேயே வந்தது.

1980 அக்டோபர் 27. இன்றைய இணையத்தின் தாத்தாவான ஆர்பாநெட், அமெரிக்காவில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் செத்துக் கிடந்தது. ஒரே ஒரு கணினியில் வன்பொருள் கோளாறு. அதனால் சிதைந்த மூன்று தகவல்கள் வெளியே போயின. எது புதிய தகவல் என்று வரிசை எண்ணை வைத்து முடிவு செய்வது விதி. இந்த மூன்றில் ஒவ்வொன்றும் இன்னொன்றைவிடப் புதிதாகத் தெரிந்தது. முதலாவதை விட இரண்டாவது, இரண்டாவதை விட மூன்றாவது, மூன்றாவதை விட மறுபடி முதலாவது! முடிவே இல்லாமல் அவை சுற்றிச் சுற்றி எல்லாக் கணினிகளையும் மூச்சுத் திணற வைத்தன.

ஒரு கணினியை மட்டும் சுத்தம் செய்து எழுப்பினால், பக்கத்துக் கணினி மறுபடியும் ஒட்டவைக்கும். சிரங்குக்கு வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் மருந்து தடவினால் போதாது, அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லோரும் ஒரே நாளில் தடவணும் என்று நாங்கள் ஓபியில் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான்.

அடுத்து 1990 ஜனவரி 15. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி டெலிபோன் நிறுவனம். நியூயார்க்கில் ஒரு ஸ்விட்ச் சின்னக் கோளாறால் சில நொடிகள் தன்னை நிறுத்திக்கொண்டு மீண்டும் எழுந்தது. "நான் வந்துட்டேன்" என்று பக்கத்து ஸ்விட்ச்களுக்குத் தகவல் அனுப்பியது. புதிதாகப் போட்ட மென்பொருளில் ஒரே ஒரு வரிப் பிழை. அந்தத் தகவல் வந்ததும் பக்கத்து ஸ்விட்ச்கள் விழுந்தன, எழுந்தன, அவையும் "வந்துட்டேன்" என்றன. 114 ஸ்விட்ச்கள், 9 மணி நேரம்!

மாற்று ஏற்பாடு இல்லையா என்றால், இருந்தது. ஆனால் 114லும் அதே மென்பொருள், அதே பிழை. ஒரே கிருமியால் சாகும் ஒரே ரகப் பயிர் போல.

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கச் சொன்னது. அங்கிருந்த டெலிகாம் நிறுவனம் "யூடியூபுக்கு வழி இந்தப் பக்கம்" என்று ஒரு பொய் போர்டு வைத்தது. அந்தப் போர்டு நாட்டு எல்லையைத் தாண்டிக் கசிந்தது. உலகமே அதை நம்பியது. சுமார் ரெண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதியில் யூடியூப் இல்லை.

கேபிள் அறுந்து முடங்கிய கதைகளும் உண்டு. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் தவழ்ந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அடித்தபோதும் இணையம் பாதிக்கப்பட்டது. ஆனால் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் வேகம் குறையும், சுற்றுவழியில் போகும். தவறான கட்டளை அப்படி இல்லை. சுற்றுவழியையும் சேர்த்தே மூடிவிடும்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டரை விட்டு நம்ம ஊர் மின்சாரத்துக்கு வருவோம். இதே பாடத்தின் மறுபக்கத்தை நாம் நேரில் பார்த்திருக்கிறோம்.

2012 ஜூலை 30, 31. வட இந்திய மின் தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்தே விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி. ரயில்கள் நடுவழியில் நின்றன. அந்த நாட்களில் கோவை, திருப்பூர், ஈரோட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. லேத் பட்டறையும் தறிக்கூடமும் வைத்திருந்தவர்களுக்கு மறக்காது. ஆனால் அது தட்டுப்பாடு. அந்தச் சரிவு நம்மைத் தொடவே இல்லை.

ஏன்? தென்னிந்திய மின் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே துடிப்பில் இணைந்திருக்கவில்லை. இடையில் நேர்மின்னோட்ட இணைப்புகள்தான் இருந்தன. மின்சாரம் கைமாறும், துடிப்பு ஒட்டாது. அந்தச் சுவர்தான் நம்மைக் காத்தது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கும் ஒரே துடிப்பில் இணைந்தது. வெளியிலிருந்து மின்சாரம் வாங்க வழி அகலமானது. நல்லதுதான். ஆனால் அந்தச் சுவரும் போனது. இணைப்பு கொடுக்கும் வரமும் ஆபத்தும் ஒரே கம்பியில்தான் வருகின்றன.

இப்போ மறுபடி செயலிகளுக்கு வருவோம்.

2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். மதியம் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் வாட்ஸப் நின்றது. தங்கள் பக்கத் தொழில்நுட்பப் பிழை என்று நிறுவனமே சொன்னது.

2025 அக்டோபர் 20, தீபாவளி அன்றே. அமேசானின் கிளவுட் சர்வர்களில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு டைரக்டரிக் கோளாறு. ஸ்னாப்சாட், சிக்னல் போன்ற சம்பந்தமே இல்லாத பல செயலிகள் சேர்ந்து விழுந்தன. காரணம், எல்லோரும் அதே இடத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள்.

2025 நவம்பர் 18. கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்தில் ஒரு கோப்பு எதிர்பார்த்ததை விட இரண்டு மடங்கு பெரிதானது. எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் தடுமாறின. முதலில் அவர்களே "யாரோ தாக்குகிறார்கள்" என்றுதான் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால் தங்கள் கையால் செய்த மாற்றம்!

1980 முதல் 2025 வரை பெரும்பாலும் ஒரே கதை. சின்னக் கோளாறு ஒன்று. அதை உலகம் முழுக்க நொடியில் கொண்டுபோகும் வேகம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமைப்பு. பல நேரம், காப்பாற்றும் வழியும் விழுந்த அதே பாதையில். இந்த வேகமும் ஒரே மாதிரித் தன்மையும்தான் நமக்கு இலவசமாக, நொடியில் மெசேஜ் போக வைக்கின்றன. ஆகவே முடக்கம் இனி வராது என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது.

இதில் ஒரு மருத்துவருக்கு என்ன கவலை?

திருப்பூரில் துணியின் கலர் சாம்பிளும், நாமக்கல் முட்டை விலையும், சோமனூர் தறிக்கு வரும் ஆர்டரும் வாட்ஸப்பில் போகின்றன. அவை ஆறு மணி நேரம் தாமதமானால் நஷ்டம், ஆனால் ஈடுகட்டலாம்.

ஈசிஜியும் வாட்ஸப்பில்தான் போகிறது. ராத்திரி நெஞ்சுவலியோடு ஒருவர் சின்ன மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே எடுத்த ஈசிஜியைப் போட்டோ எடுத்து, பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்பி, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை இங்கேயே போடலாமா என்று கேட்கிறோம். அடைப்பு திறக்கும் வரை ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை கருகிக்கொண்டிருக்கும். பாம்புக்கடியும் அப்படித்தான். அந்த ஆறு மணி நேரத்துக்கு ஈடே கிடையாது.

அதனால் அவசரச் சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும், வாட்ஸப் குரூப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய வழியும் உயிரோடு இருக்கணும். சுவரில் ஒட்டிய போன் நம்பர்கள். எடுத்தால் பேசும் லேண்ட்லைன். ஈசிஜியை வாயால் சொல்லத் தெரிந்த மருத்துவர், செவிலியர். இது பழமை விரும்புவதல்ல. 2012ல் தெற்கைக் காத்த சுவர் மாதிரி ஒரு சுவர்.

உங்கள் வீட்டுக்கான வேலை இதுதான்:

வாட்ஸப் நின்றாலும் சாதாரண போன் கால் வேலை செய்யும். அது டெலிகாம் நிறுவனத்தின் தனி வழி. 108க்கும் அப்படித்தான் அழைக்கணும். வீட்டில் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க. வாட்ஸப் கால் மட்டுமே பண்ணத் தெரிந்த அப்பத்தாக்கள், அமுச்சிகள் நிறையப் பேர் இருக்காங்க.

மூணு நம்பரைப் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேலே ஒட்டுங்க. 108, பக்கத்து மருத்துவமனை, பக்கத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர்.

வாட்ஸப் நின்றால் அதை அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க. பேக்கப் இல்லாவிட்டால் பழைய மெசேஜ் எல்லாம் போயிரும். கோளாறு உங்க போனில் இல்லை. காத்திருங்க, வந்துடும்.

"இன்று முதல் இரவு 11.30க்கு மேல் வாட்ஸப் கட்" என்று வரும் ஃபார்வர்டு பொய். அதைத் தட்டிவிடாமல் அழித்துவிடுங்க.

நெஞ்சுவலி வந்தால் குரூப்பில் கேட்காதீங்க. உடனே 108ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்க.



- கோவையிலிருந்து ஒரு அரசு மருத்துவர்