ராத்திரியிலும் வியர்க்குதா? சிங்கப்பூரின் சூட்டைக் குறைக்க என்ன வழி?

மணி இரவு 10. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனாலும் "ஏர்கோன் போடாம தூங்கவே முடியல" என்று உங்கள் வீட்டில் யாராவது புலம்புகிறார்களா? வெயில் போன பிறகும் சூடு போகாததற்குக் காரணம் இருக்கிறது.

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். பருவநிலை மாற்றம் ஒரு காரணம். நாம் கட்டிய நகரமே இன்னொரு காரணம்.

நகர வெப்பத் தீவு என்றால் என்ன?

கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் முழுக்க வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடுகின்றன. அடுத்தடுத்து நிற்கும் உயரமான கட்டடங்கள், சூடு வானத்தை நோக்கிச் செல்வதைத் தடுக்கின்றன. வாகனங்களும் ஏர்கோன்களும் விடும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் இரவில் கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்கும் பசுமையான பகுதிக்கும் இடையே 7 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். சந்தேகமா? இன்று இரவு புளோக்கின் கீழே, மேற்கு வெயில் பட்ட சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

ஏர்கோன் இருக்கே, அப்புறம் என்ன?

ஏர்கோன் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. உங்கள் அறையின் வெப்பத்தை எடுத்து, தான் பயன்படுத்தும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. வெளியே சூடு ஏற ஏற, எல்லாரும் இன்னும் அதிகமாக ஏர்கோன் போடுகிறோம்.

அதற்கு வசதி இல்லாதவர்களுக்கும் தனியாக வாழும் முதியவர்களுக்கும் சிரமம் அதிகம். இரவில் உடல் குளிர வாய்ப்பில்லை என்றால் களைப்பு மறுநாளும் தொடரும். பகலில் வெட்டவெளியில் வேலை செய்யும் ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பலரும் அவர்களில் இருக்கிறார்கள்.

சிங்கப்பூர் என்ன செய்கிறது?

• மரங்கள்: 2020இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஒரு மில்லியன் மரங்களை நடுவது இலக்கு. மரம் நிழல் தருகிறது. இலைகள் விடும் நீராவியும் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது.

• காற்றுக்கு வழி: நம் ஊரில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காய்வதில்லை. அதனால் காற்றோட்டம் ரொம்ப முக்கியம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைக் கணினியில் ஆராய்ந்து புதிய புளோக்குகளின் இடத்தை முடிவு செய்கிறார்கள்.

• கூட்டுக் குளிரூட்டல்: மரினா பே வட்டாரத்தில் நிலத்தடி நிலையத்தில் நீரைக் குளிரவைத்துக் குழாய் மூலம் பல கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகக் குளிரூட்டுவதைவிட மின்சாரம் குறைவாகச் செலவாகும்.

• குளிர்ச்சிச் சாயம்: வெயிலைத் திருப்பி அனுப்பும் சாயத்தைக் கழகக் கட்டடங்களில் பூசுகிறார்கள். சுவர் குறைவாகச் சூடேறும்.

• ஆறு திரும்பியது: பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய், வளைந்து செல்லும் இயற்கையான ஆறாக மாற்றப்பட்டது. 2012இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் கரையோரப் புல்வெளி வெள்ளநீரையும் தாங்குகிறது.

எல்லாம் சுலபமா?

இல்லை. நிலம் குறைவு, வீடு தேவை. தெங்கா நகரத்துக்காகவே காட்டுப் பகுதி அழிக்கப்பட்டது. அதற்கு ஈடாக, சுமார் 5 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட காட்டுப் பாதை திட்டமிடப்பட்டது. அது போதுமா என்பது நியாயமான கேள்வி. நட்ட கன்று நிழல் தரவும் பல ஆண்டு ஆகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் மின்விசிறி. ஏர்கோன் வேண்டுமென்றால் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

வெளியே விளையாடப் போகிறீர்களா? வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் 'டபிள்யூபிஜிடி' அளவை மைஎன்வி செயலியில் பாருங்கள். 31க்குக் கீழ் இருந்தால் வெப்ப அழுத்தம் குறைவு. 33ஐத் தொட்டால் அதிகம். விளையாட்டைத் தள்ளிப்போடுவது நல்லது.

கட்டுமானத் தளங்களிலும் இதே அளவுதான். அது 32ஐ எட்டினால், வெயிலில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது 2023இல் வந்த விதிமுறை. அடுத்த முறை சாலையோர மரநிழலில் சில ஊழியர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், 'வேலை செய்யாம உக்காந்திருக்காங்க' என்று நினைக்காதீர்கள். அந்த 10 நிமிடமும் அந்த மரமும் அவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு.