திருட்டு, விலையில்லா, கட்டற்ற: நெய்வேலியிலிருந்து ஒரு லினக்ஸ் வரலாறு

'இலவசம்' என்கிற சொல்லைத் தமிழ்நாட்டில் யாரும் வெறுமனே உச்சரித்துவிட முடியாது. கொடுக்கிற கை மேலேயும் வாங்குகிற கை கீழேயும் இருக்கிற ஒரு படிநிலை அந்தச் சொல்லுக்குள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம் நம் வீட்டுக் கணினிகளுக்குள் வந்த கதையைச் சொல்பவர்கள் அதை 'இலவச மென்பொருளின் வருகை' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நெய்வேலி போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் இந்தக் கதையாடல் தலைகீழாகிவிடுகிறது. அங்கே நாங்கள் காசு கொடுத்து வாங்கியது லினக்ஸைத்தான். சும்மா கிடைத்தது விண்டோஸ்.

நெய்வேலி நகரியம் நிறுவனம் கட்டிய ஊர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957இல் சுரங்க வேலை ஆரம்பமானது. கிராமங்கள் இடம்பெயர்ந்தன. வட்டம் வட்டமாக, நேர்கோட்டுத் தெருக்களோடு நகரியம் எழுந்தது. பதவிக்கேற்ற குவார்ட்டர்ஸ்; ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுவர்கூடச் சொந்தமில்லாத இந்த வீடுகளுக்குள் 90களின் பிற்பகுதியில் கணினி நுழைந்தது. நான் பார்த்த வீடுகளில் அது சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிப் பூட்டப்பட்டது. "ஓ.எஸ். போட்டே குடுத்துடறேன் சார், அதுக்குத் தனியா காசு வேணாம்" என்பார் கடைக்காரர். அது கள்ள நகல் என்பது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதற்கு வழங்கும் பெயர் திருட்டு.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வித்தியாசம் விலையில் இல்லையென்றால் வேறு எதில்? 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது அவர் எதிர்த்தது விலையை அல்ல, பூட்டை. இயக்குவது, பிரித்துப் படித்து மாற்றுவது, நகலெடுத்துக் கொடுப்பது, மாற்றியதையும் பகிர்வது ஆகிய நான்கும் பயனருடைய உரிமை என்பது அவருடைய வாதம். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் முதல் உரிமம், காசுக்கு விநியோகிப்பதைத் தடுத்தது. 1992இல் அவர் அதைக் குனு பொது உரிமத்துக்கு மாற்றினார். இனி அதை விற்கலாம். ஆனால் வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. இந்த நுட்பமான மாற்றம் இல்லையென்றால் லினக்ஸ் நெய்வேலிக்கு வந்திருக்காது.

ஏனென்றால் பாதை அப்படி. 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் 650 எம்.பி. குறுந்தகடு ஒன்றை இறக்க, இணைப்பு அறுந்துபோகாமல் சுமார் 150 மணி நேரம் வேண்டும்: ஆறு நாளுக்கும் மேல். தொலைபேசிக் கட்டணத்தை எந்தக் குவார்ட்டர்ஸ் வீடு தாங்கும்? 'இணையத்தில் இலவசம்' என்பதற்கு இங்கே பொருளே இல்லை. 1996இல் பி.சி. குவெஸ்ட் மாத இதழ் ஸ்லாக்வேர் லினக்ஸைக் குறுந்தகட்டில் வைத்துக் கொடுத்தது. பிறகு ரெட் ஹாட்டை அடியொற்றிய பதிப்புகள் வந்தன. இதழை ஒருவர் வாங்குவார்; தகடு வட்டம் விட்டு வட்டம் சைக்கிளில் போகும். "அண்ணே, அந்த சி.டி. ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க" என்று கேட்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. கள்ள நகலும் இப்படித்தான் கைமாறியது. செயல் ஒன்று, அதன் அறவியல் வேறு.

நிறுவுவது லேசான காரியமில்லை. தகட்டிலிருந்து நேரே தொடங்காத கணினிகளுக்கு 1.44 எம்.பி. ஃபிளாப்பி ஒன்றைத் தயாரிக்க வேண்டும். வன்தட்டைப் பிரித்து, மூல அமைப்புக்கு ஒரு பகுதி, 'ஸ்வாப்'புக்கு ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். எந்த இயங்குதளம் என்று தொடக்கத்தில் கேட்கிற லிலோ, கெர்னல் வன்தட்டின் முதல் 1024 உருளைகளுக்குள் இல்லாவிட்டால் திணறும். மானிட்டரின் அலைவெண்களை நாமே எழுத வேண்டும். தப்பான எண் மானிட்டரையே கெடுத்துவிடலாம் என்ற எச்சரிக்கை வேறு. எல்லாம் சரியாக வந்தாலும் மோடம் பேசாது. விண்டோஸை நம்பியே செய்யப்பட்ட 'வின்மோடம்' அது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியிலேயே இன்னொருவருடைய பூட்டு தொங்குகிறது என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது இந்தத் தோல்வியில்தான். பிரிவினையில் ஒரு எண் தப்பி அப்பாவின் கோப்புகள் மொத்தமும் அழிந்த அன்று வீட்டில் கேட்ட கேள்வி: "சும்மா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குடா நோண்டினே?" நோண்டும் உரிமைதான் இங்கே விஷயமே என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த 'நாங்கள்' யார் என்பதையும் கேட்டாக வேண்டும். கணினி இருந்தது நிரந்தர வேலைக்காரர்களின், அதிகாரிகளின் வீடுகளில். வேலிக்கு வெளியே இருந்த கிராமங்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் இந்தச் சுதந்திரம் எட்டவில்லை. திரையும் ஆங்கிலத்தில்தான் பேசியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல நாடுகளிலிருந்த தமிழர்கள் கூலியில்லாமல் கே.டி.இ. திரைமுகப்பைத் தமிழாக்கினார்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. உரிமம் சாதித்தது இது.

பிறகு அரசு வருகிறது. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது எல்காட் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய 'விலையில்லா' மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் ஏற்றப்பட்டு வந்தது. நான் கண்ட பிள்ளைகளின் மடிக்கணினிகளில் அந்த இரண்டாவது கதவு திறக்கப்படவே இல்லை. மடிக்கணினி எட்டாத வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்ததைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் வாங்கியவருக்குத் தான் எதற்கு உரிமையாளர் என்பது சொல்லப்படவில்லை. விலையை நீக்கிய சொல், உரிமையையும் சேர்த்து மறைத்துவிட்டது.

திருட்டு, விலையில்லா, கட்டற்ற: மூன்றிலும் பணம் பூஜ்யமாக இருக்கலாம். முதலாவதில் பயம், இரண்டாவதில் நன்றி. மூன்றாவதில் மட்டும்தான் உரிமை. நிலத்துக்கு இழப்பீடு வாங்குவதும் நிலத்தின் மேல் உரிமையோடு இருப்பதும் ஒன்றல்ல என்பதை நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2023இல் வளையமாதேவியில் விளைந்த நெல்லின் மேல் இயந்திரம் இறங்கியபோதும் பிரச்சினை அதுவாகவே இருந்தது. பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தகடு போய்விட்டது, கைமாற்றுதல் போகவில்லை. இந்த முறை அது வேலிக்கு வெளியே நடக்கிறது.