கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம்

 

கட்டுநாயக்க விமான நிலையத்திற்கும் ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். நேரடி விமானம் இதனைச் சுமார் 6 மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. ஸுபஹுத் தொழுகையை இங்கு நிறைவேற்றிவிட்டுப் புறப்படுபவர் லுஹரை அங்கு தொழலாம்.

மொரோக்கோவின் வடகரையிலுள்ள தன்ஜா நகரிலிருந்து ஜித்தாவுக்குள்ள தூரமும் ஏறக்குறைய இதேயளவுதான். அது சுமார் 4,600 கிலோமீற்றர். அந்நகரில் பிறந்த இப்னு பதூதா, ஹிஜ்ரி 725 ரஜப் மாதத்தில், அதாவது கி.பி. 1325 இல், ஹஜ்ஜை நிய்யத் வைத்துப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்கு மிகுந்த வேதனையளித்ததாக அவரே தமது பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

வட ஆபிரிக்கா முழுவதையும் தரைவழியே கடந்து அவர் எகிப்தை அடைந்தார். செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து கப்பலேற முயன்றார். அங்கு மூண்டிருந்த போரினால் வழி அடைபட்டது. கெய்ரோவுக்குத் திரும்பி, டமஸ்கஸ் சென்று, மதீனா வழியாக மக்காவை அடைந்தபோது ஓராண்டுக்கு மேல் கழிந்திருந்தது. 1326 இல் தமது முதலாவது ஹஜ்ஜை நிறைவேற்றினார். பின்னர் அறிவும் அனுபவமும் தேடிப் பல நாடுகளுக்குச் சென்றார். 1344 இல் நமது நாட்டுக்கும் வந்து, புத்தளத்தில் கரையிறங்கிப் பாவா ஆதம் மலையைத் தரிசித்தார்.

1348 இல் டமஸ்கஸை மீண்டும் அடைந்தபோது அவருக்கு ஒரு செய்தி காத்திருந்தது. தந்தை இறந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டன! தாயையேனும் காணும் நிலை அவருக்கு வாய்க்கவில்லை. 1349 இல் தாயகத்தை நெருங்குகையில், தாயும் கொள்ளைநோயினால் காலமானார் என்பதை அறிந்தார். தன்ஜாவில் அவரால் தாயின் கப்றை மாத்திரமே ஸியாரத் செய்ய முடிந்தது.

இளைஞர்களே! அவரை நாம் குறை கூற முடியாது. அன்று செய்தி ஒட்டகத்தின் நடையிலும் பாய்மரத்தின் காற்றிலும்தான் வந்து சேர்ந்தது. ஆனால் இன்று ஜித்தாவிலும் ரியாதிலும் தொழில் புரியும் நமக்கு, உம்மாவும் வாப்பாவும் ஆறேழு மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றனர். விடுமுறை கிடைக்காமை, கடன் சுமை போன்றவை உண்மையான சிரமங்களே. எனினும் அவர்களின் குரலைக் கேட்க விடுமுறை தேவையில்லை. தன்னை மாத்திரமே வணங்குமாறு விதித்த அல்லாஹ், அதே வசனத்தில் (17:23) பெற்றோருக்கு நன்மை செய்யுமாறும் விதித்துள்ளான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை ஊர் வரும்போது அவர் கொண்டுவரும் பெட்டியின் பாரத்தைப் பார்க்காது, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வெறுங்கையோடு வர வெட்கப்பட்டுப் பயணத்தைப் பிற்போடும் பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர்.

விமானம் குறைத்திருப்பது காலத்தையே. உள்ளங்களுக்கிடையிலான தூரத்தைக் குறைப்பது நமது பொறுப்பாகும். அல்லாஹ் நம் பெற்றோருக்கு அருள் புரிவானாக! ஆமீன்.