பதிமூணாம் நம்பர் விளக்கு

ஆர்டுயினோ மாதிரி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வச்சு விளையாடுற ஆளுங்ககிட்ட பேசினா, ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "இந்த போர்டுலயே ஒட்டியிருக்கிற லைட்டை எப்படிங்க அணைக்கிறது?" ஒரு வரியில பதில் சொல்லி அனுப்பிடலாம்தான். ஆனா அந்த விளக்கு அங்க எப்படி வந்து உட்கார்ந்ததுங்கிற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால கொஞ்சம் சுத்தித்தான் பதிலுக்கு வருவேன், பொறுத்துக்குங்க.

கதை நடந்த இடம் வடக்கு இத்தாலியில் இவ்ரேயா. ஆலிவெட்டி டைப்ரைட்டர் பிறந்த ஊர். 2001-ல் அங்கே வடிவமைப்புக்காக ஒரு கல்விக்கூடம் ஆரம்பிச்சாங்க. 2003-ல் அங்க படிச்ச ஹெர்னாண்டோ பாரகன் என்ற கொலம்பியாக்காரர் தன் முதுகலை ஆய்வுக்காக 'வயரிங்'னு ஒரு போர்டும் அதுக்கான மென்பொருளும் செஞ்சார். அதிலிருந்து கிளைச்சதுதான் 2005-ல் மஸ்ஸிமோ பான்ஸியும் நண்பர்களும் உருவாக்கிய ஆர்டுயினோ. (பாரகனுக்குக் கிடைக்க வேண்டிய பேர் முழுசா கிடைக்கலைன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது தனிக் கதை.) 1002-ல் இத்தாலிக்கு ராஜாவான அர்துயினோவின் பேரில் அந்த ஊரில் ஒரு மதுக்கடை இருந்துச்சு. இவங்க கூடிப் பேசின கடை அது. பேர் அங்கிருந்து வந்தது.

இவங்க யாருக்காக செஞ்சாங்கங்கிறதுதான் முக்கியம். இன்ஜினியர்களுக்கு இல்லை, ஓவியம், வடிவமைப்பு படிக்கிற பிள்ளைங்களுக்கு. மல்டிமீட்டரைத் தொட்டே பார்க்காதவங்க. போர்டில் திரை கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. எழுதின புரோகிராம் உள்ளே போச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஒரு விளக்கு கண் சிமிட்டினா தெரியும். ஒரு நொடி எரியணும், ஒரு நொடி அணையணும். அந்தச் சிமிட்டலுக்குப் பின்னாடி கேபிள், டிரைவர், கம்பைலர், சிப்புக்குள்ள இருக்கிற பூட்லோடர் இத்தனையும் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். முதல்முறை அதைப் பார்க்கிறவங்க முகத்தை நான் பார்த்திருக்கேன். விளக்கேத்தினது தான்தான்னு நம்பவே மாட்டாங்க.

ஆரம்பகால போர்டில் விளக்கே இல்லை. பதிமூணாம் நம்பர் பின்னில் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் மட்டும் வச்சிருந்தாங்க. பக்கத்து ஓட்டை கிரவுண்டு. எல்.ஈ.டி.யின் நீளக் காலை 13-லும் குட்டைக் காலை கிரவுண்டிலும் சொருகினா வேலை முடிஞ்சுது. வேண்டாம்னா பிடுங்கிடலாம். என்னைக் கேட்டா அதுதான் அழகான ஏற்பாடு. அப்புறம் 2006-ல் வந்த ஆர்டுயினோ என்.ஜி.யில் விளக்கைப் போர்டிலேயே பத்தவச்சுட்டாங்க. பிரச்சனை அங்கே ஆரம்பிச்சது.

ஏன்னா அந்தப் பின்னுக்கு வேற உத்தியோகமும் உண்டு. மெமரி கார்டு மாதிரியான சாதனங்களோட எஸ்.பி.ஐ. முறையில் பேசும்போது, கடிகாரத் துடிப்பு போற வழி அதுதான். அதில் ஒரு விளக்கு தொங்கினா தொந்தரவு வரலாம்னு ஆர்டுயினோகாரங்களே ஒத்துக்கிட்டாங்க. ஸ்விட்ச் மாட்டலாம்னு பார்த்தா இன்னும் வேடிக்கை. உள்ளிருக்கும் புல்-அப்பைப் போட்டா பின்னில் 5 வோல்ட் நிக்கணும், எல்.ஈ.டி. கீழே இழுத்து 1.7 வோல்ட்டில் நிறுத்திடும். அழுத்தாத ஸ்விட்சும் அழுத்தின மாதிரியே தெரியும்.

2011-ல் உனோ ஆர்3 வந்தப்போ இதுக்கு வைத்தியம் பார்த்தாங்க. போர்டில் ஏற்கனவே இருந்த எல்.எம்.வி.358 ஆப்-ஆம்பில் ஒரு பாதி சும்மா கிடந்தது. அதை நடுவில் போட்டு, விளக்கு பின்னை இழுக்காதபடி செஞ்சாங்க. நல்ல யோசனை. ஆனா புதுசா ஒரு வினோதம் முளைச்சது. எதுலயும் இணைக்காத பின்னின் அலைபாயுற வோல்ட்டேஜையும் அந்த ஆப்-ஆம்ப் அப்படியே விளக்குக்குக் கடத்தும். புரோகிராமில் அந்தப் பின்னைத் தொடவே இல்லைன்னாலும் விளக்கு லேசா மினுங்கும். அதுக்கு மருந்து, பின் 13-ஐ அவுட்புட்னு அறிவிச்சு 'லோ' எழுதுறது. முதல்ல சொன்ன ஒரு வரி பதில் இதுதான்.

அந்த பதிலை அப்படியே இ.எஸ்.பி.8266 போர்டில் போட்டா விளக்கு ஜம்முன்னு எரியும்! இ.எஸ்.பி.-12 மாட்யூலில் எல்.ஈ.டி. இரண்டாம் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கு. பின் கீழே போனாத்தான் எரியும், அணைக்க 'ஹை' கொடுக்கணும். கோணல் புத்தி இல்லை இது. அந்தச் சிப் விழிக்கிற நேரத்தில் இரண்டாம் பின் மேலே இருந்தாகணும். கிரவுண்டுக்கு எல்.ஈ.டி. போட்டிருந்தா கீழே இழுத்திருக்கும். 2022-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ டபிள்யூவில் விளக்கை வைஃபை சிப்பிலேயே மாட்டிட்டாங்க. முந்தின வருஷத்து பிகோவுக்குப் பின் 25-னு எழுதின சிமிட்டல் புரோகிராம் அங்கே செல்லாது.

இதெல்லாமாவது சொன்ன பேச்சைக் கேட்கிற விளக்கு. கேட்காத ஒண்ணு இருக்கு, மின்சாரம் வந்ததுன்னு காட்டுற பவர் விளக்கு. அது எந்தப் பின்னிலும் இல்லை, நேரா சப்ளையில் தொங்குது. எந்தப் புரோகிராமும் அணைக்க முடியாது. ஏ.டி.மெகா328 சிப்பைத் தூங்க வச்சா சில மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்கும். பவர் விளக்கு 3 மில்லி ஆம்பியர் குடிச்சா, 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை இருபத்தெட்டு நாளில் தனியாவே காலி பண்ணிடும். வீட்டுக்காரன் தூங்க, காவக்காரன் சோத்துப்பானையைக் காலி பண்ற கதை.

கண்ணுக்கும் தொல்லை. 1962-ல் நிக் ஹோலோன்யாக் செஞ்ச சிவப்பு எல்.ஈ.டி. மங்கலா எரிஞ்ச காலம் போச்சு. 1993-ல் நகாமுரா பளிச்னு எரியும் நீலத்தைக் கொண்டுவந்தார். 2014-ல் அவருக்கும் அகாசாகி, அமானோவுக்கும் நோபல் பரிசும் கிடைச்சது. மனுஷகுலத்துக்குப் பெரிய உபகாரம், மறுக்கலை. ஆனா எங்க அம்மா படுக்கிற ரூமில் வெப்பநிலை பார்க்க ஒரு குட்டி போர்டு வச்சிருக்கேன். அதன் நீல விளக்கு ராத்திரி சுவரெல்லாம் நிலா அடிச்ச மாதிரி காட்ட, "அந்தப் பேயை எடுத்துட்டுப் போடா"ன்னாங்க. நகாமுராவைப் பத்தி அவங்களுக்கு விளக்க நான் முயற்சி பண்ணலை :-)

கறுப்பு டேப் ஒட்டினா வெளிச்சம் மறையும், மின்சாரம் போய்க்கிட்டேதான் இருக்கும். பிளக்கில் ஓடுற கருவிக்கு அது போதும். அம்மா ரூமில் டேப்தான். பேட்டரியில் ஓடுறதுக்குச் சால்டரிங் அயர்னை எடுத்து விளக்கையோ அதன் ரெசிஸ்டரையோ கழட்டணும். ரெண்டில் ஒண்ணு போனாலே பாதை அறுந்துடும். ரெசிஸ்டரைக் கழட்டறது எனக்குப் பிடிச்ச வழி, எல்.ஈ.டி. சூட்டில் உருகும், ரெசிஸ்டர் தாங்கும்.

சில கம்பெனிகளுக்கு இது புரிஞ்சிருக்கு. ஸ்பார்க்ஃபன் போர்டுகள் பலதில் பின்பக்கம் 'எல்.ஈ.டி.'ன்னு எழுதின ரெண்டு குட்டித் திட்டு இருக்கும், நடுவில் மயிரிழை மாதிரி ஒரு செம்புக்கோடு. பிளேடால் ஒரு கீறல், பவர் விளக்கு அணைஞ்சுடும். திரும்ப வேணும்னா ஒரு சொட்டு ஈயம்.