பனி காத்த பனையோலை

தாளிப்பனை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். முப்பது நாற்பது ஆண்டுகள், சிலபோது அதற்கும் மேலே காத்திருந்து, உச்சியில் பெருங்கொத்தாகப் பூத்துக் காய்த்து, அத்தோடு பட்டுப்போகும். தென்னிந்தியாவும் இலங்கையும் அந்த மரம் செழித்த மண். நாம் எழுத்தாணியால் கீறிய பனையோலையைவிடத் தாளியின் ஓலை அகலமானது, மெல்லியது, ஒடியாமல் வளைந்து கொடுப்பது. பீகார், வங்காளம், நேபாளம் ஆகிய இடங்களின் எழுத்தர்கள் அந்த ஓலையைக் கீறவில்லை; நாணல் பேனாவை மையில் தோய்த்து அதன்மேல் எழுதினார்கள். முழ நீளத்துக்கும் கூடுதலான ஏடு, மூன்று நான்கு விரல் அகலம், கயிறு கோக்க ஒன்றோ இரண்டோ துளை, மேலும் கீழும் மரச்சட்டம். நாளந்தா, விக்ரமசீலம் ஆகிய பௌத்த மடங்களில் ஒரு நூல் என்றால் இதுதான்.

இந்த ஏடுகளில் எழுதப்பட்டவற்றில் ஒரு வரிசை நமக்கு மிக நெருக்கமானது. பௌத்த அளவை நூல்களைத் தொடங்கி வைத்த திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். காலம் ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியும் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கமும். அவருடைய ‘பிரமாணசமுச்சயம்’ எதை அறிவு என்று ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று கேட்கிறது. கண்ணால் காண்பதையும் கருத்தால் உணர்வதையும் மட்டுமே அளவைகளாக ஒப்புக்கொள்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கும் தருக்கமும் இந்தப் பள்ளியைச் சேர்ந்ததே. ஏழாம் நூற்றாண்டில் தருமகீர்த்தி திக்நாகருக்கு விளக்கமாக எழுதத் தொடங்கி, ஆசானையே மறைக்குமளவு பெரிய நூலாக ‘பிரமாணவார்த்திக’த்தை ஆக்கினார். அவரையும் தென்னாட்டுக்காரர் என்றே திபெத்திய மரபு சொல்கிறது.

பின்னாளில் திக்நாகரின் மூலநூல் இந்தியாவில் காணாமல் போனது. தருமகீர்த்தியின் பெருநூலும் அப்படியே. பிற சமயத்தார் மறுப்பதற்காக எடுத்தாண்ட வரிகள் மட்டும் அங்கங்கே மிஞ்சின. காரணத்தைப் பெரும் போர்களில் மட்டும் தேடக் கூடாது. நம் தட்பவெப்பத்தில் ஓலை நிலைக்காது. ஈரம் பூக்கும், செல் அரிக்கும், பூச்சி துளைக்கும். நூறு, இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படியெடுத்தால்தான் நூல் உயிரோடிருக்கும். மடம் கலைந்து, பாடம் சொல்பவரும் கேட்பவரும் இல்லாமல் போனால், எரிக்க யாரும் வரவேண்டியதில்லை. ஓலை தானே மண்ணாகிவிடும்.

ஆனால் அதற்கு முன்பே சில கட்டுகள் வடக்கே மலையேறிவிட்டன.

எட்டாம் நூற்றாண்டில் சம்யே மடம் எழுந்த காலத்திலிருந்தே ஏடுகள் திபெத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1042-இல் மேற்குத் திபெத்துக்கு வந்து சேர்ந்த விக்ரமசீலத்து ஆசான் அதீசர், பிறகு சம்யேயின் ஏட்டறையைப் பார்த்து, இந்தியாவிலேயே தாம் காணாத சமஸ்கிருத நூல்கள் அங்கே இருக்கின்றனவே என்று வியந்ததாகத் திபெத்தியர் குறித்திருக்கிறார்கள். இளைஞர்கள் பலர் பொன்னை முடிந்துகொண்டு தெற்கே இறங்கி, ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்து, நூலோடு திரும்பினார்கள். ஙோக் லோதன் ஷெரப் அப்படிக் காசுமீரத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்தவர்.

1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மகதத்து மடங்கள் தாக்கப்பட்டபோது பயணத்தின் தன்மை மாறியது. விக்ரமசீலத்தின் கடைசித் தலைவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் காசுமீரப் பண்டிதர் சாக்கியஸ்ரீபத்ரர் வங்காளத்து ஜகத்தலம் வழியாக ஒதுங்கி, 1204-இல் ஒரு சிறு பண்டிதர் குழுவோடு திபெத்துக்குள் நுழைந்தார். சாக்யா மடத்தின் பேரறிஞரான சாக்ய பண்டிதர் இந்தக் குழுவிடம்தான் தருமகீர்த்தியைச் சமஸ்கிருதத்திலேயே பாடம் கேட்டு, பழைய திபெத்திய மொழிபெயர்ப்பைத் திருத்தினார். குழுவில் ஒருவர் விபூதிசந்திரர். பிரமாணவார்த்திகத்துக்கு மனோரதநந்தி எழுதிய உரையைத் தம் கையாலேயே படியெடுத்து ஓரங்களில் குறிப்பும் எழுதிவைத்தார். அந்தப் படி மட்டும் இல்லையென்றால் அந்த உரையே இன்று நமக்கு இல்லை.

ஏடுகள் போன வழிகளில் ஒன்று காத்மாண்டுவிலிருந்து வடக்கே ஏறுவது. நியாலம் வரை ஆற்றுப் பள்ளத்தாக்கு குறுகலான பிளவாக இருக்கும். பொதிமாடும் கோவேறுகழுதையும் போக முடியாத அந்த நடைபாதையில் சுமை மனித முதுகில்தான் ஏறியது. நியாலம் தாண்டினால் மரங்கள் நின்றுவிடும். அப்புறம் தோங்லா கணவாய். பதினாறு, பதினேழாயிரம் அடி உயரத்தில் காற்றுக்குக் கனமே இருக்காது. உச்சியில் கற்குவியல், விலங்குக் கொம்புகள், துணிக்கொடிகள். அந்தப் பக்கம் இறங்கினால் திங்ரியின் அகன்ற வெளி, அதற்கும் அப்பால் சாக்யா, ஷாலு, ஙோர். இவை எல்லாம் நாலாயிரம் மீட்டரை ஒட்டிய அல்லது தாண்டிய ஊர்கள். அங்கே மழை அரிது. குளிர் உலர்ந்த குளிர். தெற்கே ஓலையைத் தின்ற பூச்சிக்கு அங்கே வாழ்வே இல்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் வளர்ந்த மரத்தின் ஓலை, தன்னைப் பெற்ற மண்ணில் பெற முடியாத ஆயுளை அந்த உயரத்தில் பெற்றது.

குளிர் மட்டும் காக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திபெத்தியர் இந்த நூல்களை எப்போதோ தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். மடத்து முற்றங்களில் துறவிகள் கை தட்டி, கால் உதைத்து, தருமகீர்த்தியை வைத்து வாதம் செய்தது திபெத்திய மொழியில்தான். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். சமஸ்கிருதம் படிக்கத் தெரிந்தவர்கள் போகப்போக அருகி, ஏடுகள் படிக்க ஆளில்லாமல் கிடந்தன. பாரதத்துப் பெரியோர் கை பட்டவை என்பதால் அவற்றைத் துணியில் சுற்றி, சட்டத்துக்குள் கட்டி, முத்திரை வைத்து, வழிபட்டு வந்தார்கள். படிக்காத நூலைப் பூசை செய்வதை மூடப்பழக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. எழுநூறு ஆண்டுகளாக, தம்மால் ஓர் எழுத்தும் கூட்ட முடியாத பொருளை, தீயிலிருந்தும் எலியிலிருந்தும் சண்டைகளிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள். கண்டெடுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். சாவியை இடுப்பில் முடிந்துவைத்திருந்த அந்தத் துறவிகளில் ஒருவர் பெயரும் தெரியாது. புகழில் பெரும்பங்கு அவர்களுக்குச் சேரவேண்டும்.

கண்டெடுத்தவரை நாம் வேறொரு வழியில் அறிவோம். கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் ‘வால்கா முதல் கங்கை வரை’ படித்தவர்களுக்கு ராகுல சாங்கிருத்தியாயன் வீட்டு மனிதர் மாதிரி. 1893-இல் ஆசம்கட் மாவட்டத்தில் பிறந்தவர். இளமையில் வைணவத் துறவியாகத் திருமழிசையில் தங்கிப் படித்தவர். இலங்கையின் களனியில் சமஸ்கிருதம் கற்பித்தவர். அங்கே பௌத்தம் படித்தபோதுதான், மூலநூல்கள் போன இடம் திபெத் என்பது அவரைப் பிடித்து ஆட்டியது. அந்நாளில் வெளியார் திபெத்துக்குள் எளிதில் போக முடியாது. 1929-இல் நேபாளம் வழியாக, பிச்சைக்கார யாத்திரிகர் வேடத்தில் நுழைந்தார். தோங்லா கொள்ளையருக்குப் பேர்போன இடம். ஆளைக் கொன்றுவிட்டுத்தான் மடியில் காசு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகமான முகம் எதிர்ப்பட்டால் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டி, ஒரு காசு கேட்டுக் கெஞ்சிப் பிழைத்தார். எழுநூறு ஆண்டுக்கு முன் ஏடுகள் ஏறிய அதே கணவாயில் ஏடு தேடிய மனிதர் இப்படி ஏறினார். அந்தப் பக்கம், திங்ரி வெளியில் ஷேகர் என்ற இடத்தில் கையெழுத்தில் எழுதிய திபெத்தியத் திருநூல் தொகுதி ஒன்றைப் பார்த்தார்: 103 கட்டுகள், ஒவ்வொன்றும் தூக்கவே கனமானது. அங்கேயே அவற்றுக்குள் மூழ்கிவிட்டார்.

அந்த முறை இருபத்திரண்டு கோவேறுகழுதைச் சுமை நூல்களும் ஓவியங்களும் அவரோடு திரும்பின. பாட்னாவில் இன்றும் இருக்கின்றன. ஆனால் தேடிப்போன சமஸ்கிருத ஓலைகள் அவற்றில் இல்லை. 1934, 1936, 1938 என்று மூன்று முறை மீண்டும் போனார். 1934-இல் கெந்துன் சோபெல் உடன் வந்தார். அம்தோவிலிருந்து வந்த துறவி, ஓவியர், கவிஞர். மடத்துக் கதவுகள் திறந்ததில் இவருக்குப் பங்குண்டு. பின்னர் இந்தியாவில் பன்னிரண்டு ஆண்டுகள் சுற்றிச் சமஸ்கிருதம் கற்று, லாசாவுக்குத் திரும்பி, 1946-இல் சிறை வைக்கப்பட்டவர். ராகுலரைப் பற்றிப் பேசும்போது இவரை விட்டுவிடுவது நியாயமில்லை.

ஙோர் மடத்தில் பௌத்த ஆசான் வசுபந்துவின் ‘அபிதர்மகோசபாஷ்யம்’ முழுதாகக் கிடைத்தது. சாக்யாவில் பிரமாணவார்த்திகத்துக்குப் பிரஞ்ஞாகரகுப்தர் எழுதிய பேருரை. ஷாலுவில் விபூதிசந்திரரின் கையெழுத்துப் படி. ஏடுகளை எடுத்துச்செல்ல மடங்கள் இசையவில்லை, இசையாதது சரிதான். எனவே ராகுலர் கண்ணும் கையும் ஓயுமட்டும் இருந்த இடத்திலேயே படியெடுத்தார், முடிந்தவற்றைப் படம் பிடித்தார். பணமும் தட்டுகளும் போதவில்லை. பல படங்கள் மங்கல். ஓலைகளைப் பலகையில் பொருத்திய ஊசிகளின் தலை சில இடங்களில் எழுத்தையே மறைத்திருக்கிறது. அந்தப் படங்களை வைத்துத்தான் பல தலைமுறை அறிஞர்கள் வேலை செய்தார்கள். தருமகீர்த்தியின் மூலம் 1938 முதல் பாட்னாவில் அச்சேறத் தொடங்கியது. அபிதர்மகோசபாஷ்யத்தைப் பிரகலாத் பிரதான் 1967-இல் பதிப்பித்தார். ஓலைகள் மலை மேலேயே இருக்க, அவற்றின் நிழல் மட்டும் கணவாய் கடந்து இறங்கி வந்தது.

ஓலைகளின் வாழ்க்கையில் மிக ஆபத்தான காலம் அதற்குப் பிறகே வந்தது. 1950-களிலிருந்து திபெத்தின் மடங்கள் பட்ட பாடு உலகறிந்தது. எத்தனையோ ஏட்டறைகள் அழிந்தன. சமஸ்கிருத ஏடுகளில் பெரும்பகுதி தப்பியது. பல மடங்களிலிருந்து லாசாவில் சேர்க்கப்பட்டது. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கட்டுகள் 1960-களின் தொடக்கத்தில் பெய்ஜிங் போய், வாங் சென் என்ற அறிஞரின் பட்டியலில் இடம்பெற்று, 1993-இல் லாசா திரும்பின. மலையேறிய நூல்கள் மலையிறங்கிச் சமவெளியில் முப்பது ஆண்டு இருந்துவிட்டு மறுபடி மலையேறியிருக்கின்றன.

2004-இல் பெய்ஜிங்கின் திபெத்தியல் ஆய்வு மையமும் ஆஸ்திரிய அறிவியல் கழகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்காக ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பேசியவர் எர்ன்ஸ்ட் ஸ்டைன்கெல்னர் என்ற வியன்னா அறிஞர். ஒப்பந்தத்தின் பயனாக 2005-இல் வெளிவந்த முதல் தொகுதி எது தெரியுமா? திக்நாகரின் பிரமாணசமுச்சயத்துக்கு ஜினேந்திரபுத்தி எழுதிய உரையின் முதல் அதிகாரம். உரைகாரர் மூலத்தின் சொற்களை எடுத்தெடுத்து விளக்குவார். அந்தச் சொற்களைக் கோத்து, திபெத்திய மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு, காணாமல் போன மூலத்தைக் கட்டியெழுப்பலாம். ஸ்டைன்கெல்னர் அந்த அதிகாரத்துக்கு அதைச் செய்தும் காட்டினார். காஞ்சிக்காரரின் நூல் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அவர் எழுதிய மொழியில், வாக்கியம் வாக்கியமாக மீண்டும் படிக்கக் கிடைத்தது. அடுத்தடுத்த அதிகாரங்களில் பணி தொடர்ந்தது.

திபெத்தின் ஓலைகள் அனைத்தும் இன்னும் உலகத்துக்குத் திறக்கப்படவில்லை. ராகுலர் ஊசி குத்தி எடுத்த மங்கல் படங்களுக்குப் பதிலாகத் தெளிவான படங்கள் இன்று எளிதில் எடுக்கக் கூடியவை, எடுத்தவையும் உண்டு, ஆனால் அவற்றை வெளி அறிஞர்கள் காண்பது மிகக் கடினம். காத்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் செய்யக்கூடிய கைம்மாறு அந்தப் படங்களை எல்லோருக்கும் திறந்துவைப்பதுதான். காஞ்சியில் இருந்துகொண்டே ஒரு மாணவி திக்நாகர் நூலின் உரையை ஓலைப்படத்தில் படிக்க முடியவேண்டும். அதற்காக அவள் தோங்லா ஏற வேண்டியதில்லை. லாசாவிலும் பெய்ஜிங்கிலும் இருப்பவர்கள் மனம் வைத்தால் போதும்.