பாபியும் ராம்லீலா மைதானமும்

சினிமா பொழுதுபோக்குக்காகத்தான், அதில் போய் அரசியலைத் தேடுவானேன் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். 1974ல் பி.எஸ்ஸி. பௌதிகப் பட்டத்துடன் தில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, எமர்ஜென்ஸியின் 21 மாதங்களையும் அங்கேயே கழித்த பிறகு அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது.

1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்ஸி பிரகடனமாயிற்று. பத்திரிகைத் தணிக்கை பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நகைச்சுவைக்கு வந்த கஷ்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1948ல் ஆரம்பித்த 'சங்கர்ஸ் வீக்லி' தில்லியின் பிரசித்தி பெற்ற கேலிப் பத்திரிகை. 1975 ஆகஸ்டில் அதை அவரே மூடிவிட்டார். சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு ஆகாது என்ற கருத்தைத் தம் கடைசித் தலையங்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். சென்னையில் சோவின் 'துக்ளக்' கறுப்பு அட்டையுடன் வந்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

சினிமாவுக்கு வருவோம். குல்சாரின் 'ஆந்தி' பல வாரங்கள் ஓடிய பிறகு தடை செய்யப்பட்டது. அதில் சுசித்ரா சென்னின் புடவைக் கட்டும் நரையோடிய கூந்தலும் பிரதமரை ஞாபகப்படுத்தியதுதான் குற்றம். அம்ரித் நஹாட்டாவின் 'கிஸ்ஸா குர்ஸி கா' தியேட்டருக்கே வரவில்லை. அவர் ஆளும் காங்கிரஸின் எம்.பி. என்பதுதான் வேடிக்கை. படத்தின் பிரிண்டுகளையும் நெகட்டிவையும் அழித்துவிட்டார்கள். அந்த வழக்கில் 1979ல் சஞ்சய் காந்திக்கும் வி.சி. சுக்லாவுக்கும் தண்டனை விதிக்கப்பட்டு, 1980ல் சுப்ரீம் கோர்ட்டில் இருவரும் விடுதலையானார்கள். கிஷோர் குமார் சர்க்கார் பிரசார நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்க மறுத்தார். 1976 மே முதல் அவருடைய பாட்டுக்கள் ரேடியோவில் நின்றுபோயின. காதல் பாட்டில் என்ன ராஜத்துரோகம் இருக்கிறதோ!

அரசியலே இல்லாத படங்களாவது தப்பித்தனவா? 1975 ஆகஸ்ட் 15ல் வெளியான 'ஷோலே'யைப் பாருங்கள். கொள்ளைக்காரன், பழிவாங்கல், பாட்டு, தமாஷ் என்று எல்லாம் நிறைந்த அசல் மசாலாப் படம். முதலில் எடுத்த முடிவில் டாக்கூர் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுகிறார். முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் சட்டத்தைத் தம் கையில் (டாக்கூருக்குக் கை இல்லை என்பது வேறு விஷயம்) எடுத்துக்கொள்ளலாமா என்று தணிக்கைக் குழு ஆட்சேபித்தது. முடிவை மாற்றி எடுத்தார்கள். போலீஸ் வந்து தடுத்து, கப்பரைக் கைது செய்து அழைத்துப் போகிறது. வெளியே விசாரணையின்றி ஆயிரக்கணக்கானோர் சிறையில் இருந்தார்கள், திரையில் மட்டும் சட்டம் தன் கடமையைச் செய்தது. பழைய முடிவோடு புதுப்பிக்கப்பட்ட பிரதி, ஐம்பது வருஷம் கழித்து 2025ல்தான் பொதுத் திரையிடலுக்கு வந்தது.

1977 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் அறிவிப்பு வந்தாயிற்று. நான்கு நாள் முன்பு ஜகஜீவன் ராம் மந்திரி பதவியை ராஜிநாமா செய்திருந்தார். எமர்ஜென்ஸிக்கு மக்களவையின் ஒப்புதல் கேட்டுத் தீர்மானம் கொண்டு வந்தவரும் அவரேதான்! அன்று அவரும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ராம்லீலா மைதானத்தில் பேசுவதாக இருந்தது. தூர்தர்ஷன் அன்று போட்ட படம் ராஜ் கபூரின் 'பாபி'. 1973ல் வந்து நாட்டையே கிறங்கடித்த படம். ஜனங்களை வீட்டிலேயே நிறுத்தி வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று தில்லியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் மைதானம் நிரம்பி வழிந்தது. 'பாபியை பாபு ஜெயித்தார்' என்று பத்திரிகைகள் எழுதின.

நான் போகவில்லை. அரசியலில் பங்கெடுக்கக்கூடாது என்பது நடத்தை விதி. ஆனால் அது எனக்கு ஒரு சாக்குதான், நிஜமான காரணம் பயம். உத்தியோகத்தில் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, ஊரில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். கரோல்பாகில் எங்கள் மாடியில் டி.வி. வைத்திருந்தவர், ரிடயரான ஒரு மாமா. அவர் வீட்டுக் கூடத்தில் இருபது பேரோடு உட்கார்ந்து நான் 'பாபி' பார்த்தேன். மாமா மட்டும் அங்கே இல்லை. மத்தியானமே மப்ளரைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தே போய்விட்டார்.

ராத்திரி வெகு நேரம் கழித்துத் திரும்பியவர், மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் நின்றார். "என்னடா, படம் நன்னா இருந்துதா?" என்று கேட்டார். "நன்னா இருந்தது மாமா" என்றேன்.